வெண்பன்றிப் பண்ணையும் மூளைக்காய்ச்சலும்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் வயலோரமாக 12 தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் இரண்டு பன்றிகள் செத்த குட்டி போட்டன. பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல். உன் பன்றியால்தான் என்கிறார்கள். இந்த நோய் நம் பகுதியில் எத்தனை பேருக்கு இருக்கும்? பண்ணையை மூடிவிடவா?

பதில்: மூட வேண்டாம் ஐயா. ஆனால் ஊரார் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது.

இந்த நோய் நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான், 1955-ல், வேலூர்ப் பகுதியில். எத்தனை பேருக்கு என்று கேட்டால், தொற்றியவர்கள் வேறு, படுக்கையில் விழுந்தவர்கள் வேறு. வைரஸ் தொற்றும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளைக்காய்ச்சலாக முற்றுகிறது. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல் வரும், அல்லது எதுவுமே தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மட்டும் தங்கும். ஆக, ஒரு பிள்ளை விழுந்திருக்கிறது என்றால் அந்த வட்டாரத்தில் நிறையப் பேரை வைரஸ் ஏற்கெனவே தொட்டிருக்கும். பெரியவர்கள் பலருக்குச் சிறுவயதிலேயே வந்துபோயிருப்பதால் குழந்தைகளே அதிகம் மாட்டுகிறார்கள். முற்றிவிட்டால் 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொக்கு, மடையானிடம் இருக்கும் வைரஸை நெல் வயல் கொசு பன்றிக்குக் கொண்டுவருகிறது. பன்றி ரத்தத்தில் அது சில நாட்கள் நன்றாகப் பெருகும். அந்த நாட்களில் பன்றியைக் கடித்த கொசுதான் பின்னர் மனிதருக்குத் தொற்ற வைக்கிறது. மாட்டையும் கடிக்கும், ஆனால் மாட்டில் அந்த அளவு பெருகாது. பன்றியைத் தொடுவதாலோ நோயாளியிடமிருந்தோ பரவாது.

குட்டிகள் செத்துப் பிறந்ததற்கு இதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பார்வோ வைரஸும் எலிக்காய்ச்சல் கிருமியும் இதையே செய்யும். எலிக்காய்ச்சல் உங்களுக்கே தொற்றும், கையுறை இல்லாமல் செத்த குட்டியை எடுக்கவே கூடாது. இனி அப்படிப் பிறந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். தாய்ப்பன்றிகளின் ரத்தப் பரிசோதனை பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.

கொட்டகையை நூறடி தள்ளிப் போடுவதில் பயனில்லை, இந்தக் கொசு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். பொழுது சாயும் முன் கொட்டகையைச் சுற்றிக் கொசுவலை இறக்கிவிடுங்கள். குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கட்டிய தண்ணீர் வற்றிய பிறகே மறுபடி தண்ணீர் கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வயல் காய்ந்தால் புழு செத்துவிடும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன். சம்பாவில் அடைமழை நேரத்தில் இது நடக்காது, வலைதான் கதி.

அப்புறம் தடுப்பூசி. இந்நோய்க்கான ஊசித் திட்டம் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கோ பண்ணையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கோ விட்டுப்போயிருந்தால், இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.