பல்சர் இன்ஜினா, பழைய 800-ஆ? மலையில் பக்கி கட்டுவோர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பக்கி பற்றியவை. கரடுமுரடான நிலத்தில் ஓட்ட, பைப்பை வளைத்து வீட்டிலேயே கட்டும் திறந்த வண்டி. ‘பக்கி பக்கி’ என்று நான் போனில் பேசுவதைக் கேட்டு, யாரை இப்படித் திட்டுகிறேன் என்று வீட்டில் விசாரணையே நடந்துவிட்டது.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அப்பாவின் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் சார். தோட்டத்தை ஒட்டி வேலி போட்ட தரிசு நிலம் எங்களுக்கு இருக்கிறது. அதில் ஓட்ட ஒரு பக்கி கட்ட ஆசை. கையில் 1,20,000 ரூபாய். பல்சர் 220 இன்ஜின் 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். குன்னூரில் ஒருவர் 2008 மாடல் மாருதி 800-ஐ ஓடும் நிலையில் 38,000 ரூபாய்க்குத் தருகிறார். எதை வாங்குவது? (கோத்தகிரி வாசகர்)

பதில்: காரை வாங்குங்கள் தம்பி.

18,000 ரூபாய்க்குக் கிடைப்பது இன்ஜின் மட்டும்தான். அதன் பிறகு ஆக்ஸில், ஸ்ப்ராக்கெட், ஹப், பிரேக், ஸ்டியரிங், பெடல் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடையில் தேட வேண்டும். ஒன்று மற்றொன்றோடு சேராது. சேர வைக்க லேத்துக்குப் போவீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, பழைய ஸ்பேர்ஸ் தேடிக் கோவை உக்கடம் போய்வரும் பஸ் காசை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. இதைவிடப் பெரிய குறை, பைக் இன்ஜினில் ரிவர்ஸ் கிடையாது. சமவெளியில் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். நம் சரிவில், முன்னால் மண்திட்டு, பின்னால் பள்ளம் என்று நிற்கும்போது ரிவர்ஸ் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பைக் இன்ஜின் விலையில்தான் ஆக வேண்டும் என்றால் ஆட்டோ இன்ஜினைப் பாருங்கள். ரிவர்ஸும், திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் அது ஒற்றை இருக்கை வண்டிக்குத்தான்.

800-இல் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். கியர்பாக்ஸ், ட்ரைவ் ஷாஃப்ட், பிரேக், ஸ்டியரிங் ரேக், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வருகின்றன. அறுக்கும் முன் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து எது நோய், எது நலம் என்று தெரிந்துகொள்ளலாம். உதிரி இன்ஜினில் அந்த வசதி இல்லை. கோவையின் ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் 1980களின் கடைசியில் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்ட நினைத்தபோது அவரும் எடுத்தது இந்த மாருதி இன்ஜினைத்தான்.

800 முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அந்த இன்ஜின், கியர்பாக்ஸ் தொகுப்பை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கரம் தள்ளும் வண்டியாகிவிடும். எடை ஓட்டும் சக்கரத்தின் மேலேயே விழுவதால் ஏற்றத்தில் பிடிப்பும் நன்றாக இருக்கும். இரண்டு இடத்தில் புதியவர்கள் தவறுவார்கள். தொகுப்பை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டால் முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு கியர் என்று ஆகிவிடும். சிரிக்காதீர்கள், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது, முன்பு ஸ்டியரிங்கோடு திரும்பிய சக்கரங்கள் இப்போது பின்னால் போய்விட்டன. சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளின் முனைகளைச் சட்டத்தோடு அசையாமல் பூட்டாவிட்டால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். முன்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி நக்கிளும் (சக்கரம் திரும்பும் மூட்டு) ஹப்பும் வேண்டும். அதை மட்டும் தனியாக வாங்குங்கள். 2008 மாடல் எம்பிஎஃப்ஐ வண்டி, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் வண்டி என்பதால் வயரிங்கை எங்கேயும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி, மொத்தமாகக் கழற்றி எடுங்கள்.

பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். காருக்கு 38,000. பைப், வளைப்பு, வெல்டிங் கூலிக்கு 37,000. பிரேக் ஹோஸ், பேட், வீல் சிலிண்டர், சீட் பெல்ட், ஹெல்மெட் எல்லாம் புதிதாக வாங்க 20,000. நக்கிளுக்கும் டயருக்கும் 12,000. மீதி 13,000-ஐத் தொடாதீர்கள். முதல் நாள் ஓட்டியதும் அது எதற்கென்று தெரிந்துவிடும். கதவு, கண்ணாடி, பானெட், பின் சீட்டு என்று விற்றால் கொஞ்சம் திரும்பி வரும். பட்ஜெட் இடித்தால் டயரில் குறையுங்கள், பெயின்ட்டே அடிக்காதீர்கள். பிரேக்கிலும் பெல்ட்டிலும் பழையது வேண்டவே வேண்டாம். கல்லூரி மாணவர்கள் பக்கி கட்டி ஓட்டும் பாஜா போட்டியின் வண்டிகள் பல வருடம் 10 குதிரைத்திறன் இன்ஜினில்தான் ஓடின. உங்கள் 800-இன் சக்தி தாராளம்.

கட்டும்போது உயரத்தில் ஆசை வைக்காதீர்கள். ‘க்ரவுண்ட் கிளியரன்ஸ் வேண்டும்’ என்று எல்லாவற்றையும் தூக்குவார்கள். 800-இன் இரண்டு சக்கரங்களுக்கு இடையே சுமார் 1,200 மி.மீ. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருந்தால், நின்ற நிலையில் 45 டிகிரி பக்கச் சாய்வு வரை கவிழாது. 150 மி.மீ. தூக்கினால் அது 39 டிகிரிக்கு இறங்கிவிடும். இதுவும் ஏட்டுக் கணக்குதான். ஸ்ப்ரிங் அமுங்கி, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் இன்னும் எவ்வளவோ குறையும். பெட்ரோல் டேங்க், பேட்டரி, உங்கள் இருக்கை எல்லாம் எவ்வளவு தாழ்வாக உட்காருமோ அவ்வளவு நல்லது.

பேரம் பேச ஒரு பிடி தருகிறேன். 15 வயது தாண்டிய காரின் ஆர்சியைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. ஆர்சி முடிந்த வண்டி என்றால் விற்பவருக்கு அது வெறும் சுமை. அதற்காக ஆர்சியே இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். ஃபைனான்ஸ் பாக்கி, அபராதம் எல்லாம் பார்த்து, படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள். அறுக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் போய்க் கேட்டு, பதிவை ரத்து செய்யும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு உயிரோடு இருந்து வண்டி துண்டாகிக் கிடந்தால் பின்னால் தலைவலி உங்களுக்குத்தான்.

கேள்வி: பக்கி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கூண்டு கட்ட ஜிஐ தண்ணீர்ப் பைப் போதுமா? வீட்டில் பழையது நிறையக் கிடக்கிறது. (மஞ்சூர் வாசகர்)

பதில்: வேண்டாம். ஜிஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல். இணைப்பிலும் துளை விழும். பழைய பைப்பாக இருந்தால் உள்ளே எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

கடையில் பூச்சில்லாத கருப்புப் பைப் கேளுங்கள். ஆனால் ‘ஒரு இஞ்ச் பைப்’ என்று மட்டும் சொன்னால் ஏமாறுவீர்கள். பைப்பில் ஒரு இஞ்ச் என்பது ஏறத்தாழ உள் அளவு, வெளி விட்டம் 33.7 மி.மீ. வரும். ட்யூபில் ஒரு இஞ்ச் என்றால் வெளி விட்டமே 25.4 மி.மீ.தான். தடிமனும் மாறும். ஏ கிளாஸ் 2.6, பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4 மி.மீ. மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். நீலப் பட்டையை வாங்குங்கள். பட்டையை நம்பாமல் வெர்னியரையும் கொண்டுபோங்கள். எடையிலும் சரிபார்க்கலாம், பி கிளாஸ் மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ இருக்க வேண்டும். பாஜா போட்டி விதி முதன்மைக் கூண்டுக்கு 25.4 மி.மீ. விட்டமும் 3 மி.மீ.க்குச் சற்று மேலான தடிமனும், 0.18 சதவீதமாவது கார்பன் உள்ள எஃகும் கேட்கிறது. ஜன்னல் கம்பி செய்யும் 1.6 மி.மீ. ட்யூபை ‘இதுவே போதும் அண்ணா’ என்று தருவார்கள். அது அலமாரி செய்யத்தான் ஆகும்.

மணல் அடைத்துச் சூடுகாட்டி வளைக்க வேண்டாம், ஹைட்ராலிக் பெண்டரில் வளையுங்கள். பைப்பின் நீளத்துக்கு ஓடும் ஒட்டுத் தையல் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து வளைக்கச் சொல்லுங்கள். வளைவில் மடிப்பு விழுந்த பைப்பைக் கூண்டில் வைக்காதீர்கள். முட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு பைப்பின் வாயை மற்றதன் வளைவுக்குப் பொருந்தக் கடைந்துதான் வெல்டிங் வைக்க வேண்டும். இடைவெளியை ராடை உருக்கி அடைக்கும் வெல்டரிடம் கூலி பேசாதீர்கள். ராடு பாக்கெட்டை நம் மேகமூட்டத்தில் திறந்து போட்டால் ஈரம் ஏறிவிடும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: கோவையில் ஸ்டார்ட் செய்து காட்டியபோது மணியாக ஓடிய பழைய கார்பரேட்டர் பைக் இன்ஜின், இங்கே கொண்டுவந்ததும் கரும்புகை கக்குகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (ஊட்டி வாசகர்)

பதில்: இல்லை, பாவம், அவரைத் திட்டாதீர்கள். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கடல்மட்டக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றுகிறது. ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி படிந்திருக்கும். பெட்ரோல் போகும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஓரிரு அளவு சிறியதாக மாற்றுங்கள், செலவு சொற்பம். பழைய ஜெட்டைப் பத்திரமாக வையுங்கள். இன்ஜினைக் கீழே கொண்டுபோனால் மீண்டும் அதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் சூடேறிவிடும். அப்படியும் இழுவை முழுதாகத் திரும்பாது. குறைந்த காற்றுக்குக் குறைந்த சக்திதான்.

தண்ணீர் ரேடியேட்டர் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால்தான் கொதிநிலை மேலே போகும். மூடியைப் புதிதாக மாற்றுங்கள்.

கேள்வி: ‘கண்டிஷன் இன்ஜின்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லி விற்றார் பழைய ஸ்பேர்ஸ் கடைக்காரர். பிரித்தால் கிராங்க் போயிருக்கிறது. பில் தரவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டு இருக்கிறதே என்கிறார். ஜிபேயில் 22,000 அனுப்பினேன். (கூடலூர் வாசகர்)

பதில்: போர்டு சட்டம் ஆகாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அதனால் வாங்கி எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியும் ஜிபே பதிவும் உங்கள் சாட்சிகள், அழித்துவிடாதீர்கள். இன்ஜினை இதற்கு மேல் பிரிக்காமல், வேறொரு மெக்கானிக்கிடம் குறையைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ‘நீங்கள்தான் பிரித்துக் கெடுத்தீர்கள்’ என்பதுதான் எதிராளியின் முதல் வாதமாக வரும். என் கியர்பாக்ஸ் விவகாரம் ஒன்றில் நானே பிரித்துவிட்டு இந்த வாதத்துக்குப் பதில் இல்லாமல் நின்றேன்.

எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ‘ரன்னிங் கண்டிஷன் இல்லை, இரும்பு விலைக்கு’ என்று சொல்லி விற்றிருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலவீனம்.

கேள்வி: பக்கிக்கு நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்ட முடியுமா? எஸ்டேட் ரோட்டிலாவது? (குன்னூர் வாசகர்)

பதில்: முடியாது. நாமே கட்டிய வண்டிக்கு, ரோட்டுக்குத் தகுந்த மாடல்தான் என்று சோதித்துத் தரும் வகை ஒப்புதல் இல்லை, ஒப்புதல் இல்லாமல் பதிவு இல்லை. 800-இன் ஆர்சியை வைத்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாற்றியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எஸ்டேட் ரோடு தனியாருடையதாக இருந்தாலும், பொதுமக்கள் போகவர உரிமை உள்ள வழி சட்டத்தில் பொது இடம்தான். பதிவில்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸும் கிடையாது. கொழுந்து பறிக்க வந்தவர் மேல் இடித்தால் முழுப் பணமும் உங்கள் கையிலிருந்து போகும். வேலிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சக்கரத்தை விட்டால் வனத்துறை வழக்கு தனி.

கேள்வி: மகனுக்கு 16 வயது. நண்பர்களோடு சேர்ந்து பக்கி கட்டப் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா? (கோத்தகிரி தாய்)

பதில்: கட்டப் பணம் கொடுங்கள் அம்மா, சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. முதல் செலவாக ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டும் வெல்டிங் கண்ணாடியும் வாங்கச் சொல்லுங்கள். அவற்றுக்குப் பில் கொண்டுவந்த பிறகு பைப்புக்குக் கொடுக்கலாம்.