மடியில் குழந்தை, கையில் 1 சாமுவேல் 15

கேள்வி: ஓராண்டில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் திட்டத்தில் இருக்கிறேன். ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்தபடி 1 சாமுவேல் 15-க்கு வந்தேன். இஸ்ரவேலரின் எதிரிகளான அமலேக்கியரின் "பிள்ளைகளையும், குழந்தைகளையும்" கொல்லும்படி கடவுள் கட்டளையிடுவதாகச் சொல்கிறது 3-ஆம் வசனம். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. வேதபாட வகுப்பில் கேட்டேன். "சந்தேகம் பிசாசு கொடுப்பது, ஜெபம் பண்ணுங்கள்" என்றார்கள். என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: அன்புச் சகோதரி, போகவில்லை. விசுவாசம் போனவர் இதை ஒரு பழைய போர்ச் செய்தியாக வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். கடவுள் நல்லவர் என்று நம்புவதால்தான் உங்களுக்கு வலிக்கிறது. சிறு பிள்ளைகளைத் தடுக்காதிருங்கள் என்ற இயேசுவை உங்களுக்குக் காட்டியதும் இதே புத்தகம்தானே!

எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை அமலேக்கியர் வழிமறித்ததற்கான தண்டனை இது என்று அந்த அதிகாரமே காரணம் சொல்கிறது. சரி, ஆனால் மடியில் கிடக்கும் குழந்தை யாரை வழிமறித்தது? இந்த விளக்கத்தோடு கேள்வியை முடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இன்னொரு விளக்கம் எனக்கு உண்மையாகவே உதவியது. 8-ஆம் வசனத்தில் இஸ்ரவேலின் அரசன் சவுல் அமலேக்கிய ஜனங்கள் எல்லாரையும் பட்டயத்தால் அழித்துவிடுகிறான். அதே புத்தகத்தின் 27-ஆம் அதிகாரத்தில் தாவீது அமலேக்கியர்மேல் படையெடுக்கிறான். 30-இல் அவர்கள் வந்து தாவீது குடியிருந்த சிக்லாக் ஊரைக் கொளுத்துகிறார்கள். எல்லாரும் செத்திருந்தால் இவர்கள் யார்? அந்தக் காலத்துப் போர்ப்பேச்சு அப்படி; வெற்றியை மிகைப்படுத்திச் சொல்லும். 1868-இல் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோனது என்று பெருமையடிக்கிறது. இஸ்ரவேல் அழியவில்லை. ஆனாலும் சகோதரி, இந்த விளக்கம் செத்தவர்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். கட்டளை அப்படியே நிற்கிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அப்படியானால் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிடலாமா? இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் அதைத்தான் செய்தார்; அந்தக் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். திருச்சபை ஒப்புக்கொள்ளவில்லை. நல்லதாகப் போயிற்று. தள்ளியிருந்தால் ஆபிரகாமையும் இழந்திருப்போம். சோதோம் நகரம் அழியப்போகிறது என்று அறிந்ததும் அவர் கடவுளின் முன்னால் நின்று, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டார். உங்கள் கேள்வியும் அதுதான். இத்தனை நீதிமான்கள் இருந்தால் நகரத்தை விட்டுவிடுவீரா என்று ஐம்பதில் தொடங்கி, ஆறு முறை பேரம் பேசி, பத்துக்கு இறங்கினார். கடவுள் ஒரு முறைகூட அவர் வாயை அடைக்கவில்லை.

நான் எப்படி வாசிக்கிறேன் என்று கேட்டால், லூக்கா 9-ஐச் சொல்வேன். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியருடைய கிராமத்தை, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியா செய்ததுபோல வானத்து அக்கினியால் அழிக்கலாமா என்று இயேசுவின் சீஷர்களான யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். வேத ஆதாரத்தோடுதான் கேட்கிறார்கள்! இயேசு திரும்பிப் பார்த்து அவர்களை அதட்டுகிறார். அப்புறம் எல்லாரும் வேறொரு கிராமத்துக்குப் போகிறார்கள். 1 சாமுவேல் 15-ஐ அந்த அதட்டல் காதில் விழும் தூரத்தில் நின்றுதான் நான் வாசிக்கிறேன். இன்னும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

வாசிப்புத் திட்டம் சில நாள் பிந்தட்டும். இன்று இரவு குழந்தை தூங்கியபின், ஆபிரகாம் பேரம் பேசும் ஆதியாகமம் 18-ஐ 22-ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். பிறகு வகுப்பில் கேட்ட அதே கேள்வியை, ஒரு வார்த்தையும் மாற்றாமல், கடவுளிடமே கேளுங்கள்.