கண்ணால் கண்ட சாட்சி இல்லாத புகார்

கேள்வி: கல்லூரி ஒன்றின் புகார் விசாரணைக் குழுவில் அண்மையில் உறுப்பினராக்கப்பட்ட ஆசிரியை நான். மாணவர்களுக்கிடையே எழும் பாலியல் வன்முறைப் புகார்களில் பெரும்பாலும் அந்த இருவரைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை. ஆதாரமே இல்லாத நிலையில் யாரை நம்புவது?

பதில்: ஆதாரமே இல்லை என்ற எண்ணத்தோடு விசாரணை அறைக்குள் நுழையாதீர்கள். புகார் அளித்தவரின் வாக்குமூலமே ஓர் ஆதாரம். மறுப்பவரின் வாக்குமூலமும் அவ்வாறே. புகார் கூறும் பெண்ணின் சாட்சியம் நம்பிக்கைக்குரியதாக இருக்குமானால், வேறு துணைச் சான்று இன்றியே அதன் அடிப்படையில் தண்டனை வழங்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் பஞ்சாப் அரசுக்கும் குர்மீத் சிங்குக்கும் இடையிலான வழக்கில் கூறியது. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுபவர்களில் பலர் "நம்பிக்கைக்குரியதாக இருக்குமானால்" என்ற நிபந்தனையை விழுங்கிவிடுகிறார்கள். உங்கள் குழுவின் வேலை முழுவதும் அந்த நிபந்தனைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

நம்பகத்தன்மையை முகத்தில் தேடுவது வீண். அழுதார், தடுமாறினார், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றெல்லாம் குறிப்பெழுதும் குழுக்கள் உண்டு. மனிதர்கள் பொய்யை எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பற்றிய ஏராளமான சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சரியான கணிப்பின் சராசரி ஏறத்தாழ 54 விழுக்காடாகவே இருந்தது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அனுபவமுள்ள ஆசிரியர்கள் தங்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்று நினைப்பார்கள். பொருந்தும்.

புகார் தாமதமாக வந்தது, கத்தவில்லை, உடலில் காயமில்லை என்பவற்றையும் பொய்க்கான அடையாளமாகக் கொள்ள முடியாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், சுமார் 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது உடல் அசைவற்று உறைந்துபோன நிலையைக் குறிப்பிடத்தக்க அளவில் அனுபவித்ததாகக் கூறியிருந்தார்கள். ஆனால் இந்த அறிவை எதிர்த்திசையிலும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. எதிர்க்காதது ஏன் என்பதை உறைநிலை விளக்கக்கூடும். சம்பவம் நடந்தது என்பதை அது நிறுவிவிடாது. வாக்குமூலத்தில் காணும் எல்லா முரண்பாடுகளையும் "அதிர்ச்சியின் விளைவு" என்று ஒதுக்கும் குழு, எந்த முரண்பாட்டையும் பொறுக்காத குழுவைப் போலவே, விசாரிக்காமல் தப்பிக்கிறது. அறை விளக்கு எரிந்ததா, எத்தனை மணிக்கு என்பன போன்ற ஓரத்து விவரங்கள் மாறுவது வேறு. யார், என்ன செய்தார் என்ற மையச் செய்தி மாறுவது வேறு. பின்னது மாறினால் அவரிடமே பணிவாகக் கேட்டு, அவருடைய விளக்கத்தையும் பதிவு செய்யுங்கள். இதே அளவுகோலை மறுப்பவரின் கூற்றுக்கும் பயன்படுத்த வேண்டும். நடைமுறையில் அவருடைய கதையை யாரும் அவ்வளவு நுணுக்கமாகச் சோதிப்பதில்லை.

சாட்சி இல்லாத இடத்திலும் தடயங்கள் இருக்கின்றன. சம்பவத்திற்குப் பிறகு முதலில் யாரிடம் சொன்னார், அந்த நபர் அவர் சொல்லக் கேட்டது என்ன; அன்று பரிமாறப்பட்ட குறுஞ்செய்திகள் என்ன; விடுதி நுழைவுப் பதிவேடு, கேமராப் பதிவு ஆகியவை இருவரில் யாருடைய கூற்றோடு பொருந்துகின்றன என்பவை உங்கள் கேள்விகளாக இருக்கட்டும். செய்திகளைத் துண்டு துண்டான திரைப்பிடிப்புகளாக (ஸ்கிரீன்ஷாட்) வாங்காமல் முழு உரையாடலாகப் பாருங்கள். மறுநாள் நட்பாக ஒரு செய்தி அனுப்பியிருப்பது புகாரைப் பொய்யாக்கிவிடாது. ஒரே விடுதியிலும் வகுப்பிலும் இருப்பவர்கள் எதுவும் நடக்காததுபோல் சில நாள் நடந்துகொள்வது அரிதன்று. கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட நாள்களில் தாமாகவே அழிந்துவிடுவதால், புகார் வந்த அன்றே அவற்றைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். குழு முதல் கூட்டத்திற்கு நாள் குறிப்பதற்குள் பதிவு போய்விடுகிறது. இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

கேள்வி: என் மகன் மீது உடன் படிக்கும் மாணவி கொடுத்த புகார் "போதிய ஆதாரம் இல்லை" என்று முடிக்கப்பட்டது. அப்படியானால் அது பொய்ப் புகார் என்று கல்லூரி அறிவிக்க வேண்டாமா? இத்தகைய பொய்ப் புகார்கள்தான் அதிகம் என்கிறார்களே?

பதில்: உங்கள் மகன் குற்றவாளி என்று நிறுவப்படவில்லை. அவரை அவ்வாறு நடத்த எவருக்கும் உரிமையில்லை. வகுப்பிலும் விடுதியிலும் அவர்மேல் படிந்த சந்தேகத்தைக் களைய நிறுவனம் உதவ வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் நிறுவ முடியாமல் போனதும் பொய் என்று நிறுவப்பட்டதும் ஒன்றல்ல. புகார் பொய் என்று அறிவிக்க வேண்டுமானால் அதற்கும் தனியே சான்று வேண்டும்; இல்லையென்றால் உங்கள் மகனுக்கு வேண்டாம் என்று நீங்கள் சொல்லும் அநீதியை அந்த மாணவிக்குச் செய்தவர்களாவோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து ஆண்டுகளில் பதிவான 136 புகார்களை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரையில், இட்டுக்கட்டியவை என்று சான்றோடு வகைப்படுத்தப்பட்டவை 8, அதாவது 5.9 விழுக்காடு. அதைவிடப் பன்மடங்கு புகார்கள் போதிய சான்றின்மை, புகார் அளித்தவர் விலகிக்கொண்டது போன்ற காரணங்களால் மேலே செல்லாமல் நின்றுவிட்டவை. பொய்ப் புகார் அரிது என்போர் அந்த எட்டை மட்டும் பார்த்து எஞ்சியவை அனைத்தும் உண்மை என்கிறார்கள்; அதிகம் என்போர் நின்றுபோனவற்றையும் பொய்க் கணக்கில் சேர்க்கிறார்கள். இரண்டுமே எண்களில் இல்லாததைப் படிப்பது. மேலும், எந்த விழுக்காடும் உங்கள் மகனின் வழக்கில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

கேள்வி: இதழியல் மாணவன் நான். புகார் கூறும் பெண்ணிடம் கேள்வி கேட்பதே அவரை அவமதிப்பதாகும் என்கிறார்கள். சரியா?

பதில்: தோழியாகவோ ஆலோசகராகவோ காதுகொடுத்துக் கேட்பவர் நம்பிக் கேட்கட்டும், சோதிப்பது அவர் வேலையல்ல. செய்தி எழுதுபவருக்கு அந்த விலக்கு இல்லை. 2014 நவம்பரில் ரோலிங் ஸ்டோன் இதழ், வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவி ஒருவர் கூட்டு வன்முறைக்கு ஆளானதாகக் கட்டுரை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தேடிப் பேசவில்லை. அந்த இரவு உடனிருந்ததாகச் சொல்லப்பட்ட நண்பர்களிடமும் பேசவில்லை. கட்டுரை நொறுங்கியது, கொலம்பியா இதழியல் கல்லூரி 2015 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அந்த நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்திருந்தாலே விரிசல் தெரிந்திருக்கும். என்ன உடுத்தியிருந்தீர்கள், இதற்குமுன் யாரோடு பழகினீர்கள் என்று கேட்பதுதான் அவமதிப்பு. யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவரிடம் நான் பேசலாமா என்று கேட்பது அப்படியன்று.