முன்பக்க ஹெட்போன் ஜாக்கில் மட்டும் சத்தம் இல்லையா?

வணக்கம் நண்பரே. கேபினட்டைத் திறந்து தூசி தட்டிய பிறகு முன்பக்க ஜாக் ஊமையாகிவிட்டது, பின்பக்கப் பச்சை ஜாக்கில் நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சவுண்ட் சிப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸை மறுபடி போட வேண்டாம், புது சவுண்ட் கார்டும் வாங்க வேண்டாம். துடைக்கும்போது ஒரு ஒயர் கழன்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து வரும் மெல்லிய கேபிளின் முனையில் 'எச்டி ஆடியோ' (HD AUDIO) என்று அச்சிட்டிருக்கும். அதைச் செருகும் இடம் பெரும்பாலும் மதர்போர்டின் கீழ் விளிம்பில், பின்பக்க மூலையை ஒட்டி இருக்கும். அங்கே 9 பின்கள் (குட்டி உலோகக் குச்சிகள்) நிற்கும். முன்பக்க யுஎஸ்பி கேபிளைச் செருகும் இடத்திலும் அதே 9 பின்கள்தான், அதனால் கவனம்: யுஎஸ்பியில் மூலைப் பின் இருக்காது, ஆடியோவில் ஓரத்திலிருந்து இரண்டாவது பின் இருக்காது. கேபிள் முனையில் அடைபட்ட துளை அந்தக் காலியிடத்துக்கு நேராக வரவேண்டும். நேராகப் பிடித்தால் லேசாக அழுத்தினாலே இறங்கிவிடும். முரண்டு பிடித்தால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பின்கள் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது பெரும்பாடு.

பழைய கேபினட்டில் அதே கேபிளில் 'ஏசி97' (AC97, பழைய ஆடியோ முறை) என்று இன்னொரு முனையும் தொங்கும். அதைச் செருகாதீர்கள்.

செருகிய பிறகும் சத்தம் வராவிட்டால், ஹெட்போன் முள்ளை ஜாக்கில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்று விட்டு விட்டுக் கேட்டால் ஜாக்தான் தேய்ந்திருக்கிறது. இல்லையென்றால் பின்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.