லேப்டாப்பில் எச்டி படம் வீண் இல்லை, டிவியைவிட அங்கேதான் அது தெரியும்

கேள்வி இதுதான்: பதினைந்து இன்ச் லேப்டாப்பில் ஃபுல் எச்டி படம் போட்டுப் பார்ப்பதால் என்ன லாபம்? அதெல்லாம் பெரிய டிவிக்குத்தானே, சின்னத் திரைக்குச் சாதாரண பிரின்ட்டே போதாதா?

காட்பாடியில் சின்னதாக ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப் வாங்கி விற்பதும் உண்டு. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவார். அர்த்தம் இருக்கிறது என்பதுதான் என் பதில். நம் வீடுகளில் ஃபுல் எச்டி உருப்படியாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் பெரும்பாலும் லேப்டாப்தான், ஹாலில் இருக்கும் டிவி அல்ல.

இதை நான் கண்டுகொண்டது தங்கச்சியின் கல்யாண வீடியோவில். குடியாத்தத்தில் கல்யாணம். வீடியோ எடுத்தவர் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க டிவிடி போட்டுத் தந்தார். எங்களுக்கு மட்டும் பென் டிரைவில் ஃபுல் எச்டி ஃபைல். ஒரே கேமரா, ஒரே காட்சி. டிவிடியில் 720 × 576 புள்ளிகள், அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். ஃபைலில் 1920 × 1080, இருபது லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்கு.

வீட்டில் 32 இன்ச் டிவி. எட்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். "ரெண்டும் ஒண்ணாட்டந்தான்பா இருக்குது" என்றார் அம்மா. எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் அதையே கடையில் ஒரு 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்பில் போட்டேன். மணவறைக்குப் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி. அரக்கு நிறப் பட்டுப்புடவை. டிவிடியில் ஜரிகைக் கரை வெறும் மஞ்சள் பட்டை, பாட்டி கொஞ்சம் அசைந்தால் அது பூச்சி பறப்பது போல மினுமினுத்தது. ஃபைலில் கரையில் இருக்கும் மாங்காய்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. பாட்டி உள்ளங்கையில் வைத்திருந்த அட்சதையில் மஞ்சள் ஒட்டாத வெள்ளை அரிசி நாலைந்து தனியாகத் தெரிந்தது. பாட்டி இப்போது இல்லை. அந்த உள்ளங்கையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

காரணம் தூரம். கண் ஆஸ்பத்திரியில் ஆறு மீட்டர் தள்ளி உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? 6/6 பார்வை என்றால் அவ்வளவு தூரத்தில் சுமார் 1.75 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்று அர்த்தம். கிட்டே வரவர அந்த அளவு குறையும். எட்டடியில் 0.7 மி.மீ., இரண்டடியில் 0.18 மி.மீ. இப்போது திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 32 இன்ச் டிவிகளில் நிறைய 1366 × 768 பேனல்தான், 'எச்டி ரெடி' என்று எழுதியிருப்பார்கள். அதில் ஒரு புள்ளி அரை மி.மீ. இருக்கும். எட்டடியிலிருந்து பார்க்கிற கண்ணால் அதையே பிரிக்க முடியாது, அதைவிடப் பொடியாகக் கொடுத்து என்ன பயன்? 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்பில் ஒரு புள்ளி 0.18 மி.மீ. இரண்டடியில் கண்ணின் எல்லையும் அதேதான். அளவெடுத்துத் தைத்த சட்டை போல.

அளவிலும் லேப்டாப் சின்னது இல்லை. எட்டடி தள்ளி இருக்கும் அந்த டிவியை, மடியில் இருக்கும் லேப்டாப்பின் பாதி அகலமே மறைத்துவிடும். வேண்டுமானால் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சினிமாஸ்கோப் படம் என்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து உயரம் ஆறு இன்ச்கூட மிஞ்சாது, அது உண்மை. ஆனாலும் அகலம் அப்படியே இருக்கும்.

சரி, அப்படியானால் ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே இன்னும் நல்லதா என்று கேட்பீர்கள். போன வருஷம் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். "தம்பி, 4கே லேப்டாப்தான் வேணும், படம் பாக்கத்தான். பணத்தப் பத்திக் கவலப்படாதே" என்றார். விற்றிருந்தால் எனக்கு லாபம்தான், மனசு வரவில்லை. 15.6 இன்ச்சில் 4கே என்றால் ஒரு புள்ளி 0.09 மி.மீ. அதைப் பிரித்துப் பார்க்கத் திரைக்கு ஓரடி கிட்டே மூக்கைக் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் யாரும் இரண்டரை மணி நேரம் படம் பார்க்க மாட்டார்கள். அதற்கும் மேல், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

பாட்டியின் காட்சியை ஃபுல் எச்டி லேப்டாப்பில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முகவாயைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்த்தார். "ரெண்டுலயும் தெளிவா இல்லையேப்பா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கீழ்ப்பாதி பேப்பர் படிக்கிற தூரத்துக்கு, மேல்பாதி தெருவைப் பார்க்கிற தூரத்துக்கு. லேப்டாப் இருக்கும் இரண்டடி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. "சார், முதலில் கண் டாக்டரிடம் இந்தத் தூரத்தைச் சொல்லி ஒரு கண்ணாடி எழுதி வாங்குங்கள்" என்றேன். மூன்று வாரம் கழித்துப் புதுக் கண்ணாடியோடு வந்து, 14 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப் ஒன்றை எடுத்துப் போனார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் திரைக்குச் செலவழிக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பழைய லேப்டாப்களில் நிறைய 1366 × 768 திரைதான். அதில் 1080 வரி உள்ள ஃபுல் எச்டி ஃபைல் போட்டாலும் 768 வரிக்குள்தான் அடக்கிக் காட்டும். 720 வரி ஃபைலே போதும், இடமும் டேட்டாவும் மிச்சம்.

ஆனால் 1080 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு ஜிபிக்குள் அடைத்தால் விநாடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேறாது. ப்ளூரே தட்டில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி, இரண்டு அடுக்கென்றால் 50 ஜிபி கொள்ளும் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டுக் காட்சி வந்ததும் சுவரும் வானமும் கட்டம் கட்டமாக உடையும். அந்த 1080-ஐவிடத் தாராளமாக அடைத்த 720 எவ்வளவோ மேல்.

கடைக்கு வரும் புகார்களில் அதிகமானது வேறு. "படம் திக்கித் திக்கி ஓடுது, ஃபேன் கத்துது, மடி சுடுது." இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் எச்டியே லேப்டாப்புக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வீடியோ ஃபைல் என்பது சுருக்கி மடித்து வைத்த துணி மாதிரி. சினிமா ஓடும்போது அதை விநாடிக்கு 24 தடவை பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்புக்குள் அந்த வேலைக்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. அதற்குத் தெரிந்த மடிப்பாக இருந்தால் அலுங்காமல் பிரித்துவிடும். தெரியாத மடிப்பு என்றால் முழு பிராசஸரும் இறங்கி மூச்சு வாங்க வேலை செய்யும். 2003-இல் வந்த எச்.264 என்ற மடிப்பு ஏறக்குறைய எல்லா லேப்டாப்புக்கும் தெரியும். 2013-இல் வந்த எச்.265 கிட்டத்தட்ட பாதி அளவில் அதே தரத்தைத் தரும், ஆனால் பிரிப்பது கஷ்டம். இன்டெல்லில் ஆறாம் தலைமுறைக்கு அது தெரியும், அதிலேயே நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைக்கும் 10 பிட் வகை என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும். 2018-இல் வந்த ஏவி1 பதினோராம் தலைமுறைக்குத்தான் பிடிபட்டது. இந்த இன்டெல் லேப்டாப்களில் எந்தத் தலைமுறை என்று பிராசஸரின் பெயரிலேயே இருக்கும்: ஐ5-5200யு என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 5, ஐந்தாம் தலைமுறை.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறி, சிபியு (பிராசஸர்) பத்து இருபது சதவீதத்தில் நின்றால் எல்லாம் சரியாக நடக்கிறது. அது தரையில் கிடந்து சிபியு எண்பது தொண்ணூறு என்று நின்றால், அந்த ஃபைல் உங்கள் லேப்டாப்புக்கு ஏற்றது இல்லை. அதே படத்தை எச்.264-இல் போட்டால் பழைய ஐந்தாம் தலைமுறையே சத்தமில்லாமல் ஓட்டும். லேப்டாப்பை மாற்றவே தேவையில்லை.

அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரியில் வேலூர் 42 டிகிரியைத் தொடும்போது அறைக்குள் இருக்கும் காற்றே கொதிக்கிறது, ஃபேன் அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுத்துச் சிப்பைக் குளிர்விக்க வேண்டும். அதையும் மெத்தையில் வைத்துக் கீழ்த்துளையை அடைத்துவிட்டால் சிப் தொண்ணூறு டிகிரிக்கு மேல் போய்த் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். மே மாதம் வந்த ஒரு லேப்டாப்பைத் திறந்தபோது ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் பஞ்சு, முடி, தூசி எல்லாம் சேர்ந்து திண்டு மாதிரி படிந்திருந்தது. விரலால் உரித்தபோது ஒரே துண்டாக வந்தது. அதை எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்ததும் அதே படம் அதே லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது. கீழே ஒரு மரப்பலகை வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள்.

ஆன்லைனில் சந்தா கட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். படத்தை யாரும் திருடிவிடாமல் இருக்கப் போடும் பூட்டு (டிஆர்எம்) காரணமாக, ஒரே லேப்டாப்பில் ஒரே சந்தாவுக்குக்கூட ஒரு பிரவுசரில் 720-உம் இன்னொன்றில் 1080-உம் வரலாம். தெளிவு குறைவாகப் பட்டால் பிரவுசரை மாற்றிப் பாருங்கள், ஆப் இருந்தால் அதையும் பாருங்கள். டேட்டா கணக்கும் உண்டு: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவில் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேவுக்கு 7 ஜிபி வரை. போன் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்திருப்பவர் இடைவேளை வரைக்கும்கூடப் போக முடியாது.

கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் லேசாக வெட்டி வெட்டிப் போவது பழுது இல்லை. விநாடிக்கு 24 படத்தை 60 தடவை புதுப்பிக்கும் திரையில் சமமாகப் பங்கு வைக்க முடியாததால் வருவது. 120, 144 ஹெர்ட்ஸ் திரைகளில் 24 மிச்சமில்லாமல் வகுபடும். விளையாட்டுக்கென்று மாணவர்கள் வாங்கும் லேப்டாப்கள் படத்துக்கும் நன்றாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

லேப்டாப்பில் உண்மையான குறை சத்தம்தான். பொத்தான் அளவு ஸ்பீக்கரில் பறை அடி எப்படி வரும்? அதோடு, ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் என்று பிரித்த 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது வசனம் முணுமுணுப்பாகவும் பாட்டு அலறலாகவும் வரும். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் கம்ப்ரசர் என்ற வசதியைப் போட்டால் ஓரளவு சமன் ஆகும். நல்ல ஹெட்போன் போட்டால் பிரச்சினையே இல்லை. 4கே திரைக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஹெட்போனுக்குக் கொடுங்கள் என்று யார் வந்தாலும் சொல்கிறேன். வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்ப்பதென்றால் எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் சொருகிவிடுங்கள். அங்கே தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து லேப்டாப்பைப் பார்க்க முடியாது.

வாங்கப் போகிறவர்கள் புள்ளிக் கணக்குக்கு அடுத்தபடியாகப் பேனல் வகையைக் கேளுங்கள். ஃபுல் எச்டி என்று போட்டுவிட்டு மலிவான டிஎன் பேனல் வைத்த லேப்டாப்கள் உண்டு. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே முகங்கள் வெளிறிவிடும், முன்னால் சாய்த்தால் கருத்துப்போகும். ஐபிஎஸ் பேனலில் அது இருக்காது. கடைக்காரர் போடும் மீன், பூ டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம் இருக்கும் ஒரு எச்டி ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துப்போய், இரண்டடி தள்ளி உட்கார்ந்து, மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். என் கடையில் எந்த லேப்டாப் விற்பனைக்கு வந்தாலும் பாட்டி அட்சதையோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியைத்தான் நான் முதலில் போட்டுப் பார்க்கிறேன்.