பிரிட்ஜைக் கப்பலேற்றுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுச் சாதனங்களை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது பற்றி வந்த கடிதங்களுள் நான்கினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். கடிதங்கள் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, கனடாவில் முப்பது வருடம் வாழ்ந்த என் தமையனார் ஓய்வு பெற்று நிரந்தரமாக ஊருக்குத் திரும்புகிறார். அவருடைய இரட்டைக் கதவு பிரிட்ஜ், சலவை இயந்திரம், உடுப்பு உலர்த்தும் இயந்திரம், மைக்ரோவேவ், மின்அடுப்பு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அங்கே விற்றால் ஒன்றும் தேறாது என்கிறார். ஒரு டிரான்ஸ்போமர் வாங்கினால் எல்லாம் இங்கே வேலை செய்யும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். குறைந்த செலவில் கொண்டுவர வழி உண்டா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: டிரான்ஸ்போமர் பற்றிச் சொன்னவர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கனடாவில் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் முதலாவது எண்ணை மாற்றும். இரண்டாவது எண்ணை அது தொடவே தொடாது.

1990களில் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சில்லு வேகமாகச் சுற்றினால் டைனமோவிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு வினாடிக்குள் கூடுதலான தடவை திசை மாறும். மெதுவாகச் சுற்றினால் குறைவான தடவை மாறும். அந்த எண்ணிக்கையே ஹேர்ட்ஸ். அதை மின்நிலையத்து இயந்திரத்தின் வேகம் தீர்மானிக்கிறதேயன்றி, நம் வீட்டு மூலையில் வைக்கும் இரும்புப் பெட்டி தீர்மானிப்பதில்லை. 60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த சாதாரண மோட்டார் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். நிமிடத்துக்கு 3600 சுற்றை ஒட்டி ஓடவேண்டியது 3000ஐ ஒட்டி ஓடும். வேகம் குறைவதோடு போனால் பரவாயில்லை. அதே வோல்றில் ஹேர்ட்ஸ் குறையும்போது மோட்டாரின் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிறது. பிரிட்ஜின் கொம்பிரசர் இரவு பகலாக ஓடுவது. எங்கள் சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக ஓடுவது. அது எத்தனை நாள் தாங்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

டிரான்ஸ்போமரின் செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும். பிரிட்ஜின் முத்திரைத் தகட்டில் 6 அம்பியர் என்றிருந்தால் அது ஏறக்குறைய 700 வாட். ஆனால் கொம்பிரசர் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், 700 வாட் டிரான்ஸ்போமர் போதாது, அதைப்போல மூன்று நான்கு மடங்கு பெரியது வேண்டும். அது இருபத்துநான்கு மணித்தியாலமும் இணைப்பில் இருந்து, பிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்று சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மைக்ரோவேவுக்கும் இதே குறைதான். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்போமரும் 60 ஹேர்ட்ஸுக்கென்றே சுற்றப்பட்டது. சிலவற்றின் மணிக்கூடு மின்சாரத்தின் ஹேர்ட்ஸை எண்ணியே நேரம் காட்டும். அப்படியானது இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

மின்அடுப்பு 240 வோல்றில் ஓடுவது, வெப்பச் சுருளுக்கு ஹேர்ட்ஸ் பொருட்டில்லை, ஆகவே அதையாவது கொண்டுவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுருளைப் பொறுத்தமட்டில் அது சரி. 230 வோல்றில் வெப்பம் எட்டு வீதம் அளவில் குறையும், அவ்வளவே. ஆனால் கனடாவில் அந்த அடுப்புக்கு வருவது நடுவில் பிரிக்கப்பட்ட இணைப்பு: இரண்டு உயிர்க்கம்பிகளுக்கு இடையில் 240 வோல்ற், ஒரு கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையில் 120 வோல்ற். அடுப்பின் விளக்கும், பல வகைகளில் கட்டுப்பாட்டுப் பலகையும், அந்த 120 வோல்றிலேயே இயங்குகின்றன. அது எங்கள் வீட்டு இணைப்பில் கிடையாது. போதாதற்கு, அத்தகைய அடுப்புகள் 40 அம்பியர் கேட்பவை; இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வரும் முழு இணைப்பே 30 அம்பியர்தான். உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்து முற்றத்தில் கொடி கட்டி வாழும் நாங்கள் உடுப்பு உலர்த்த ஓர் இயந்திரத்தைக் கடல் கடந்து கொண்டுவருவதில் உள்ள வேடிக்கையைத் தமையனாருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத் தகட்டையும் ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொல்வது. ‘100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ்’ என்றிருந்தால் பிளக்கை மாற்றினாலே போதும். தொலைக்காட்சி, கணினி போன்றவை பெரும்பாலும் அப்படி இருக்கும். ‘120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால், அது எவ்வளவு புதியதாயினும் அங்கேயே விற்றுவிடுவதோ கொடுத்துவிடுவதோ நல்லது. இன்வேர்ட்டர் வகை பிரிட்ஜுகள் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக மாற்றிக்கொள்வதால் ஹேர்ட்ஸ் வித்தியாசத்தைப் பொறுக்கக்கூடும். எனினும் தகட்டில் இல்லாத மின்சாரத்துக்கு எந்த உற்பத்தியாளரும் உத்தரவாதம் தரமாட்டார். விற்றால் ஒன்றும் தேறாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கப்பல் கூலியும் டிரான்ஸ்போமரும் சேர்ந்த தொகைக்கு இங்கேயே உத்தரவாதத்துடன் வாங்கக்கூடியதை எதற்காகச் சுமக்கவேண்டும்?

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் மகள் வீடு மாறுகிறாள். அவளுடைய பெரிய பிரிட்ஜையும், முன்புறம் திறக்கும் சலவை இயந்திரத்தையும் எங்களுக்கு அனுப்ப விரும்புகிறாள். அங்கும் 230 வோல்ற்தான் என்கிறாள். விமானத்திலா, கப்பலிலா? செலவை எப்படிக் கணக்கிடுவது?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: மகள் சொல்வது சரி, ஜேர்மனியிலும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். ஆகவே இயங்குமா என்ற கேள்வி இல்லை. கட்டுபடியாகுமா என்பதே கேள்வி.

பலர் பாரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் கூலியைத் தீர்மானிப்பது பருமன். பிறருடைய பொருட்களோடு சேர்த்து ஒரே கொள்கலனில் அனுப்பும் முறையில் ஒரு கன மீற்றர் அல்லது ஆயிரம் கிலோ, இரண்டில் எது கூடவோ அதற்கே கட்டணம். உங்கள் பிரிட்ஜ் பொதிசெய்த பின் 1.85 மீற்றர் உயரமும் 0.75 மீற்றர் அகலமும் ஆழமும் கொண்டதென்றால், அது ஒரு கன மீற்றரைச் சற்றுத் தாண்டும். சலவை இயந்திரம் உள்ளே சீமெந்துக் கட்டி வைத்த எழுபது கிலோ மிருகம். ஆனால் பொதியோடு 0.4 கன மீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகவே கப்பலில் அனுப்ப பாரமான சலவை இயந்திரமே மலிவு, வெறும் காற்றடைத்த பிரிட்ஜே விலை கூடியது. விமானத்தில் ஒரு கன மீற்றரை 167 கிலோவாகக் கொள்வார்கள் என்பதால், எண்பது கிலோ பிரிட்ஜுக்கு இருமடங்கு நிறைக்குக் கட்டவேண்டிவரும். விமானத்தை மறந்துவிடுங்கள்.

அனுப்பும் முகவரிடம் ‘கொழும்புத் துறைமுகம் வரை எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். ‘சாவகச்சேரி வீட்டு வாசல் வரை எவ்வளவு, அதில் எது எது அடங்காது?’ என்று எழுத்தில் கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் முதற்கேள்வியைக் கேட்டு, மலிவென்று மகிழ்ந்து, பின்னர் இறக்கு கூலி, பத்திரக் கட்டணம், களஞ்சியத்தில் நாள் கணக்கில் ஏறிய வாடகை, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறிக் கூலி என்று ஒவ்வொன்றாகக் கட்டியபோது, கப்பல் கூலியே அவற்றுள் சிறியதாகப் போயிற்று. அந்த முகவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

சுங்கத்தைப் பொறுத்தவரை, துணையின்றி, அதாவது பயணியோடு சேராமல் தனியாக, வரும் பயணப்பொதிக்கான சலுகை பயணம் செய்து வருபவருக்கு உரியது. மகள் வராமல் அன்பளிப்பாக அனுப்பினால் அதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. அவர் ஊருக்கு வரும் காலத்தோடு பொதியின் வருகையைப் பொருத்தி, கடவுச்சீட்டோடு அவரே நின்று விடுவிப்பது நல்லது. வரிவீதங்கள் மாறுபவை என்பதால், பொதி கட்டுவதற்கு முன்பே சுங்கத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். சலவை இயந்திரத்தின் உருளைக்குள்ளும் பிரிட்ஜின் தட்டுகளுக்கு இடையிலும் துணிமணிகளை அடைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் அவை ஒவ்வொன்றும் பொருட்பட்டியலில் இருக்கவேண்டும்.

சலவை இயந்திரத்தின் பின்புறத்தில் உருளையைப் பூட்டும் போக்குவரத்துப் போல்ற்றுகளை மீண்டும் பூட்டாமல் அனுப்பினால், கடல் அலையில் உருளை ஆடியே தொங்குவில்களை உடைத்துவிடும். அவற்றை எறிந்துவிட்டிருந்தால் அதே வகைக்கானதை வாங்கவேண்டும். இங்கே வந்தபின் பூட்டிய நிலையில் ஓட்டினால் இயந்திரம் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கும், கழற்ற மறக்கக்கூடாது. மரப்பெட்டி செய்வதானால் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிய பலகைக்குரிய முத்திரை அதில் இருக்கவேண்டும். சர்வதேச பூச்சித் தடுப்பு விதி அது.

இன்னும் இரண்டு விடயம் உண்டு. ஐரோப்பிய இயந்திரம் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் எதிர்பார்ப்பது. அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள்; பலவற்றுக்கு அரை பார் வேண்டும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் தரும் என்பதால், ஐந்து மீற்றர் உயரத் தாங்கி அதற்கு மட்டுமட்டாகவே போதும். அதிலும் தாழ்வான தாங்கியென்றால் சிறு அழுத்தப் பம்பி தேவைப்படலாம். அத்துடன் அவை தண்ணீரைத் தாமே சூடாக்குபவை. சுண்ணக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் படியவைக்கும் வெள்ளையை அந்தச் சூடாக்கியிலும் படியவைக்கும். குளிர்நீரிலேயே துவைத்தால் ஆயுள் நீளும். ஜேர்மன் பிளக்கில் புவித்தொடுப்பு பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால், சாதாரண மாற்றியில் செருகினால் புவித்தொடுப்பே இல்லாமல் போகும். ஈரத் தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு அது உயிராபத்து. மின்வல்லுநரைக் கொண்டு 13 அம்பியர் சதுரப்பின் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

என் முடிவைக் கேட்டால், சலவை இயந்திரம் ஐந்து வருடத்துக்கு உட்பட்டதென்றால் வரட்டும், பிரிட்ஜ் வேண்டாம்.

கேள்வி: மகன் மெல்பேர்ணில் குடியேறுகிறான். என் கிரைண்டரையும் அம்மியையும் அவனுக்குக் கொடுத்துவிட ஆசை. முடியுமா?
— ஒரு தாய், மானிப்பாய்

பதில்: முடியும், அம்மா. அவுஸ்திரேலியாவிலும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் பிளக் மட்டுமே வேறு. அங்கே பிரச்சினை மின்சாரமல்ல, மண்ணும் மாவும். அந்நாட்டின் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் பொருட்களில் ஒட்டிய மண், தானியத் துகள், மரத்துளைப் பூச்சி ஆகியவற்றை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். கிரைண்டரின் கல்லுக்கும் அச்சுக்கும் இடையில் காய்ந்திருக்கும் உழுத்தம்மாவை ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். அம்மியைக் கொதிநீரில் தேய்த்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். வந்து இறங்கும்போது அவற்றைப் படிவத்தில் அறிவிக்கவேண்டும், மறைத்தால்தான் தண்டம். தனியாகக் கப்பலில் அனுப்புவதானால், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சொந்தமாக வைத்துப் பாவித்த பொருளுக்குத் தீர்வை விலக்கு உண்டு. கிரைண்டர் மகனுடைய பெயரிலும் பாவனையிலும் இருந்ததாகக் காட்டவேண்டியிருக்கும்.

விமானத்தில் கொண்டுபோனால் ஒரு பொதி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. பல பயணச்சீட்டுகளில் அது 23 கிலோ. ஆகவே அம்மியும் குழவியும் தனிப்பொதி. எந்த நாட்டிலும் வோல்ற் கேட்காத ஒரே சமையல் இயந்திரம் அது என்பதால், கிரைண்டரை விட்டாலும் அதை விடவேண்டாம் என்பேன்.

கேள்வி: கொழும்பிலிருந்து வந்த பிரிட்ஜை லொறியில் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே போடலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கூடாது. கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய், படுக்கவைத்தபோது வாயுக்குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்பி வடியாமல் போட்டால் கொம்பிரசர் எண்ணெயின்றி ஓடும், அல்லது குழாய் அடைபடும். நிமிர்த்தி, மட்டம் பார்த்து, ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். பின்புறம் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ குழாய் நெளிந்திருந்தாலோ போடவேண்டாம். அண்மைக்காலப் பிரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு தீப்பற்றக்கூடியது, ஆகவே அந்த வாயுவில் பழகிய திருத்துநரையே அழையுங்கள். லொறிக்காரருக்கு மிச்சக் காசு கொடுக்கவேண்டியிருந்தால், பிரிட்ஜ் குளிரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.