வெளிச்சத்தை அறியும் கடல் நுண்பாசிகள்: புக்கிட் ரோத்தான் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

படிவம் 5 மாணவி: ஐயா, கண் இல்லாத ஒற்றைச் செல் வெளிச்சம் வரும் திசையை எவ்வாறு அறிகிறது?

நல்ல கேள்வி, அம்மா. ஒளியை உணவாக்கும் பச்சையம் வேறு, ஒளியைச் செய்தியாக உணரும் புரதங்கள் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நீல ஒளியை உணரும் ஆரியோகுரோம் என்னும் புரதம் 2007இல் வவுச்சேரியா என்ற பாசியில் கண்டறியப்பட்டது. அது டயாட்டங்கள் எனப்படும், சிலிக்கா ஓடுடைய ஒற்றைச் செல் பாசிகளிலும் உண்டு. திசையறியும் முறையை நீந்தும் இனங்களில் தெளிவாகக் காணலாம். டெட்ராசெல்மிஸ் போன்ற பச்சை நுண்பாசிகளில் செம்மஞ்சள் நிறமித் துகள்களாலான கண்புள்ளி ஒளியுணரும் பகுதிக்கு மறைப்பாக நிற்பதால், செல் சுழன்று நீந்தும்போது அங்கு விழும் ஒளி கூடிக் குறைகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே நீந்த உதவும் சாட்டை போன்ற அதன் கசையிழைகள் செல்லைத் திசை திருப்புகின்றன.

செம்பனைத் தோட்ட ஊழியர்: உச்சி வெயில் அவற்றைக் கருக்கிவிடாதா?

டயாட்டங்கள் டயாடினோசாந்தின் என்ற நிறமியைச் சில நிமிடங்களில் டயாட்டோசாந்தினாக மாற்றி, மிகுதியான ஆற்றலை வெப்பமாக வெளியேற்றிவிடும். ஒளி தணிந்ததும் அந்த நிறமி பழைய நிலைக்குத் திரும்பும்.

கெராங் சிப்பி பொறுக்கும் அம்மையார்: கோல சிலாங்கூர்ச் சேற்றில் நீர் வற்றும்போது பொன்பழுப்புப் படலம் தோன்றி, நீர் ஏறுமுன் மறைவது ஏன்?

அம்மா, நீங்கள் கவனித்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படலம் பெரும்பாலும் டயாட்டங்களே. சேற்றில் ஒளி சில மில்லிமீட்டருக்குள் மங்கிவிடுவதால், அவை தம் ஓட்டிலுள்ள பிளவின் வழியே பசை சுரந்து, வழுக்கி மேலேறி ஒளியைப் பெறுகின்றன. வெயில் கடுமையானால் சற்றுக் கீழிறங்குகின்றன. வெள்ளம் அடித்துச் செல்லாதபடி, நீர் வருமுன்பே உள்ளே திரும்புகின்றன. நீரேற்றமே இல்லாத ஆய்வகச் சேற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் சில நாள்கள் தொடர்வதால், ஒளியுணர்வோடு உள்கடிகாரமும் சேர்ந்து இயங்குகிறது என்பது தெளிவு. இவ்வளவு நுட்பமான ஒழுங்கு நம் கரையிலேயே நாள்தோறும் நடப்பதை மாணவர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஓர் இளைஞர்: இரவில் கடல்நீரில் நீலமாக மினுங்கும் ‘நீலக் கண்ணீர்’ ஒளி பகலில் ஏன் இல்லை?

தம்பி, அதை உமிழும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிரினங்களில் பகல் ஒளியே அத்திறனை அடக்கி வைக்கிறது. அவற்றின் உள்கடிகாரமும் இரவிலேயே மினுக்கத்தைக் கூட்டுகிறது. நிலா வெளிச்சத்தில் அம்மினுக்கம் எளிதில் புலப்படாதாகையால், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் செல்வது நல்லது.